சப் தனி, உறுமல் தனி: ஒரு ரீஸ் பேஸை அடுக்கிய பதிவு

174 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 174 பீட்) ஒரு ட்ரம் அண்ட் பேஸ் ட்ராக் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜி மைனர். பேஸ் வரியில் மூன்றே நோட்டுகள்தான்: ஜி, எஃப், பி ஃப்ளாட். பெரிய ஸ்பீக்கரில் போட்டால் இந்த மூன்றும் நெஞ்சில் இடிக்க வேண்டும். போனில் கேட்டாலும் எந்த நோட் என்று தெரிய வேண்டும். நடுவில் அந்த உறுமல் ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்க வேண்டும். இவ்வளவையும் ஒரே சின்த் பேட்ச்சில் (சின்தசைசரில் அமைத்த ஒரு சத்தத்தில்) வாங்கவே முடியாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் முடியாது, எங்கே வெட்டினேன், வெட்டிய பிறகும் எது எதற்குள் புகுந்து கெடுத்தது என்பதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். வேலை நடந்தது ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளில். சின்த், மேட் டைட்டல் 2020-ல் வெளியிட்ட வைட்டல். அதன் அடிப்படைப் பதிப்பு இலவசம். ஆனால் கீழே வரும் எதுவும் இந்த மென்பொருள்களுக்கு மட்டும் உரியதில்லை.

முதலில் மூலச் சத்தம். டெட்ராய்ட்டின் கெவின் சாண்டர்சன் 1988-ல் ரீஸ் என்ற பெயரில் வெளியிட்ட ஒரு ட்ராக்கின் பேஸை, தொண்ணூறுகளில் இங்கிலாந்தின் ஜங்கிள், ட்ரம் அண்ட் பேஸ் ஆட்கள் சாம்பிள் எடுத்துத் தங்கள் இசையின் அடித்தளமாகவே ஆக்கிக்கொண்டார்கள். அந்த வகைச் சத்தத்துக்கே ரீஸ் என்று பெயர் நின்றுவிட்டது. செய்வது எளிது: இரண்டு சா அலைகள் (ரம்பப் பல் வடிவ அலைகள்), ஒன்றை 12 சென்ட் (ஒரு சென்ட் என்பது செமிடோனில் நூறில் ஒரு பங்கு) மேலே, இன்னொன்றை 12 சென்ட் கீழே டீட்யூன் செய்தால், அதாவது சுருதியை விலக்கினால் போதும். இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தும் விலகியும் போகும்போது அந்த நெளிவு வருகிறது.

சிக்கலும் அங்கேயேதான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். ஜி1 என்பது 49 ஹெர்ட்ஸ். இரண்டு ஆசிலேட்டருக்கும் (அலையை உண்டாக்கும் பகுதி) இடையே 24 சென்ட் வித்தியாசம் என்றால் அடிநாதத்தில் (நோட்டின் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில்) அது சுமார் 0.68 ஹெர்ட்ஸ். அதாவது ஏறக்குறைய ஒன்றரை நொடிக்கு ஒரு முறை இரண்டு அலைகளும் நேரெதிராக நின்று, 49 ஹெர்ட்ஸ் முழுவதுமாகக் காணாமல் போகும். 174 பிபிஎம்மில் ஒரு பார் 1.38 நொடி. ஆக, கிட்டத்தட்ட பாருக்கு ஒரு முறை சப், அதாவது பேஸின் அடிமட்ட அதிர்வு, செத்துப் பிழைக்கிறது. பாரின் தொடக்கத்தில் கிக் ட்ரம்மோடு சேர்ந்து இடிக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல் போகும். யாரும் எதிர்பார்க்காத இடத்தில் வந்து முட்டும்.

அதே டீட்யூன் பத்தாவது ஹார்மோனிக்கில், அதாவது அடிநாதத்தின் பத்து மடங்கான 490 ஹெர்ட்ஸில், நொடிக்கு ஏழு தடவை அசைகிறது. அதுதான் நமக்குப் பிடித்த உறுமல். மேலே எது அழகோ அதே அசைவு கீழே நோயாகிவிடுகிறது. அதனால்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. நான்கு பேஸ் சாம்பிளை ஒன்றன் மேல் ஒன்று போட்டால் தடிமன் கூடும் என்று நினைத்து லேயர் செய்தால், ஒவ்வொன்றின் அடிநாதமும் மற்றதோடு சண்டை போட்டு மொத்தமும் மெலிந்துதான் வரும். எந்த அதிர்வெண் பட்டையில் எந்த லேயர் பேச வேண்டும், எங்கே வாயைத் திறக்கவே கூடாது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். சத்தத்தைத் தேடுவது அப்புறம்.

என் பிரிவு இப்படி: 72 ஹெர்ட்ஸ் வரை சப். அங்கிருந்து 400 வரை பாடி. 400-லிருந்து 3000 வரை உறுமல். அதற்கு மேல் காற்று.

சப்

ஒரே ஒரு சைன் அலை. டீட்யூன் கிடையாது, கோரஸ் (சத்தத்தோடு அதன் சற்று விலகிய நகலைச் சேர்ப்பது) கிடையாது, ரிவெர்ப் கிடையாது, ஸ்டீரியோ கிடையாது. இரண்டு டீட்யூன் அலைகளுக்கும் சரியாக நடுவில் இருக்கும் சுருதியில் அது நிற்கிறது. 12 மேலே, 12 கீழே என்று சமமாக வைத்ததன் காரணம் இதுதான். ஆசிலேட்டர் ஒவ்வொரு நோட்டிலும் ஒரே ஃபேஸில், பூஜ்யத்திலிருந்து தொடங்கும்படி ரீட்ரிகர் போட்டிருக்கிறேன். இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு அடியும் அலையின் வேறு வேறு இடத்தில் தொடங்கி, ஒன்று பலமாகவும் ஒன்று நோஞ்சானாகவும் கேட்கும். சில நோட்டுகளில் 'டிக்' என்று ஒரு சத்தமும் வரும்.

அட்டாக் (சத்தம் எழும் நேரம்) 5 மில்லி செகண்ட், ரிலீஸ் (அடங்கும் நேரம்) 30. இந்த ரிலீஸ் முக்கியம். 49 ஹெர்ட்ஸில் அலையின் ஒரு சுற்றே 20 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிறது. அதைவிட வேகமாக வெட்டினால் அலையின் வடிவமே உடைந்து, சப்பில் இருக்கக் கூடாத மேல் ஹார்மோனிக்குகள் தெறிக்கும். கைக்கு எட்டும் தூரத்தில் ஆசிலோஸ்கோப் பிளக்இன் ஒன்றைத் திறந்து வைத்திருந்தேன். வெட்டு எங்கே விழுகிறது என்பது காதில் படுவதற்கு முன்பே கண்ணில் பட்டுவிடுகிறது.

சப்பிலும் கொஞ்சம் சாச்சுரேஷன் (அலையை லேசாக நசுக்குவது) போட்டு மூன்றாம் ஹார்மோனிக்கான 147 ஹெர்ட்ஸை எழுப்பி, சின்ன ஸ்பீக்கரில் கேட்க வைப்பது பலருடைய வழக்கம். சப் மட்டுமே இருக்கும் ட்ராக்கில் அது சரி. தனியாக ஒரு பாடி லேயர் இருக்கும்போது அந்த வேலையை அதனிடமே விட்டுவிடலாம். இங்கே சப்பை நான் தொடவே இல்லை.

பாடி

அதிக நேரம் பிடித்தது இதுதான். சொல்லவும் இதில்தான் நிறைய இருக்கிறது.

சா அலையில் அடிநாதமும் இருக்கிறது. அதை எடுத்தால்தான் சப்போடு மோதாது. வழக்கமாக எல்லோரும் செய்வது ஹைபாஸ் ஃபில்டர், அதாவது ஓர் எல்லைக்குக் கீழே உள்ளதைக் குறைப்பது. 90 ஹெர்ட்ஸில் ஆக்டேவுக்கு 24 டெசிபெல் சரிவோடு ஒன்றைப் போட்டால் ஜி நன்றாகத்தான் இருக்கிறது, அதன் இரண்டாம் ஹார்மோனிக் 98-ல் நிற்பதால். எஃப்-க்கு வந்தால் இரண்டாம் ஹார்மோனிக் 87. ஃபில்டர் அதையும் சேர்த்துக் கடித்துவிடுகிறது. எஃப் நோட் மட்டும் இடுப்பு ஒடிந்ததுபோல் கேட்கிறது. சரி, கட்ஆஃபை 75-க்கு இறக்கலாம் என்றால் பி ஃப்ளாட்டின் அடிநாதமான 58 போதுமான அளவு குறைவதில்லை. ஒரு நோட்டுக்கு வெட்டினால் இன்னொரு நோட்டுக்கு வலிக்கிறது.

இதற்கு நல்ல வழி ஃபில்டரில் இல்லை, அலையிலேயே இருக்கிறது. வைட்டலின் வேவ்டேபிள் எடிட்டரில் (அலையின் வடிவத்தைத் திருத்தும் இடம்) சா அலையைத் திறந்தால் அதன் ஹார்மோனிக்குகள் வரிசையாகக் கம்பி கம்பியாகத் தெரியும். இடப்பக்கம் முதலில் நிற்கும் கம்பிதான் அடிநாதம். அதை அப்படியே கீழே இழுத்துப் பூஜ்யமாக்கினேன். மற்றவை எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இனி எந்த நோட்டை வாசித்தாலும், எவ்வளவு சறுக்கினாலும், பாடியில் அடிநாதம் என்ற ஒன்றே கிடையாது. ஃபில்டர் போடாததால் ஃபேஸ் சுழற்சியும் இல்லை. இரண்டு ஆசிலேட்டருக்கும் இதே அலை.

பாடியை ஒரு ஆக்டேவ் மேலே வாசிக்க வைத்தாலும் மோதல் போகும். பலர் அதைச் செய்கிறார்கள். ஆனால் அப்போது கிடைப்பது 98, 196, 294. நடுவில் இருக்க வேண்டிய 147-ம் 245-ம் இருக்காது. காது அடிநாதத்தைக் கண்டுபிடிப்பது ஹார்மோனிக்குகளுக்கு இடையே உள்ள தூரத்தை வைத்துத்தான். 98, 147, 196, 245 என்று 49 ஹெர்ட்ஸ் இடைவெளியில் வந்தால், 49 என்ற அலையே இல்லாதபோதும் மூளை ஜி1 என்றே கேட்கும். ஆக்டேவ் ஏற்றினால் இந்த உதவி போய்விடுகிறது. சின்ன ஸ்பீக்கரில் பேஸ் வரி ஒரு மாடி மேலே ஏறிவிட்டதுபோல் கேட்கும்.

அடுத்தது பாடியின் ஏற்ற இறக்கம். 98 ஹெர்ட்ஸும் டீட்யூனால் பாருக்கு இரண்டு முறை மறைகிறது. உறுமலில் அது இருக்கட்டும், பாடியில் இவ்வளவு வேண்டாம். இரண்டு ஆசிலேட்டரில் ஒன்றை 6 டெசிபெல் குறைத்தேன். இரண்டும் சம பலத்தில் இருந்தால்தான் ஒன்றை ஒன்று முழுதாக அழிக்கும். ஒன்று பாதியாக இருந்தால் மிக மோசமான நொடியிலும் பாதி மிஞ்சும். ஏற்ற இறக்கம் சுமார் 9.5 டெசிபெலுக்குள் அடங்கிவிடுகிறது. அதன்மேல், பெரிய சத்தத்தை அமுக்கும் 4:1 கம்ப்ரஸர் ஒன்று. இப்போது நெளிவும் இருக்கிறது, நடுவில் குழியும் விழவில்லை.

வெட்டும் முறை

பாடியும் உறுமலும் ஒரே பேட்ச்சிலிருந்து வருகின்றன. ஒரே சத்தத்தை 400 ஹெர்ட்ஸில் இரண்டாக வெட்டி, தனித்தனி ட்ராக்கில் தனித்தனியாகச் சமைக்கிறேன். இப்படி வெட்டும்போது ஃபில்டரின் வகையைக் கவனிக்காமல் விட்டால் வெட்டிய இடத்தில் மேடு விழும். இரண்டு பக்கமும் 24 டெசிபெல் பட்டர்வொர்த் வகை ஃபில்டர் போட்டுத் திரும்பச் சேர்த்தால் கிராஸ்ஓவரில், அதாவது வெட்டிய இடத்தில், 3 டெசிபெல் புடைப்பு வரும். அதற்குப் பதில் லிங்க்விட்ஸ்-ரைலி. ஹியூலெட் பேக்கர்டில் வேலை பார்த்த சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி இருவரின் பெயர் இது. ஸ்பீக்கர் பெட்டிக்குள் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் சிக்னலைப் பிரித்துக் கொடுப்பதற்காக எழுபதுகளில் வந்த வடிவமைப்பு. இரண்டு பக்கமும் கிராஸ்ஓவரில் சரியாக 6 டெசிபெல் இறங்கும், ஃபேஸும் ஒத்துப்போகும், கூட்டினால் நேர்கோடு. தனி பிளக்இன்கூட வேண்டாம்: கியூ (ஃபில்டரின் கூர்மை) 0.707 வைத்த 12 டெசிபெல் ஃபில்டர் இரண்டை அடுத்தடுத்துப் போட்டால் அதுவேதான்.

சோதித்துப் பார்ப்பதும் எளிது. வெட்டிய இரண்டு ட்ராக்கிலும் வேறு எதுவும் போடாமல், வெள்ளை நாய்ஸை (எல்லா அதிர்வெண்ணும் சம அளவில் உள்ள இரைச்சல்) உள்ளே விட்டு, வெளியே ஸ்பான் போன்ற இலவச ஸ்பெக்ட்ரம் பிளக்இன்னில் பாருங்கள். 400 பக்கம் மேடோ பள்ளமோ இருந்தால் ஃபில்டர் சரியில்லை. கோடு சமமாக இருந்தால் மேலே போகலாம்.

டிஸ்டார்ஷனும் திரும்பி வரும் அடிநாதமும்

பிரித்த பிறகுதான் டிஸ்டார்ஷன், அதாவது அலையை நசுக்கிப் புது ஹார்மோனிக்குகளைச் சேர்ப்பது. இந்த வரிசையை மாற்றவே கூடாது. சப், பாடி, உறுமல் எல்லாம் சேர்ந்த சத்தத்தை டிஸ்டார்ஷனுக்குள் விட்டால், மிகப் பெரிய அலையான சப் தான் ஏறி இறங்கும்போதெல்லாம் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போய் உச்சியில் நசுக்கும். உறுமல் நொடிக்கு 49 தடவை அறுபட்டு, ஒரே கரகரப்பாகிவிடும். தனித்தனியாகச் செய்தால் பாடிக்கு மென்மையான டியூப் வகை, உறுமலுக்கு முரட்டு ஹார்ட் கிளிப் என்று அதற்கு அதற்கு ஏற்றதைக் கொடுக்கலாம்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அடிநாதத்தை அலையிலிருந்தே எடுத்தாயிற்று அல்லவா? டிஸ்டார்ஷன் அதைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. 98-ம் 147-ம் ஒன்றாக உள்ளே போனால் அவற்றின் வித்தியாசமான 49 வெளியே வரும். மேலும் கீழும் சமமாக வெட்டும் டிஸ்டார்ஷன் என்றாலும் தப்ப முடியாது. 98-ன் இரு மடங்கிலிருந்து 147-ஐக் கழித்தால் அங்கேயும் 49 நிற்கிறது. அதுவும் டீட்யூன் ஆன இரண்டு அலைகளிலிருந்து பிறப்பதால் நிலையில்லாத, ஆடிக்கொண்டே இருக்கும் 49. சப்பின் சுத்தமான சைனோடு இது சேரும்போது, எதைத் தவிர்க்க இவ்வளவும் செய்தோமோ அதுவே பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது.

ஸ்பெக்ட்ரத்தில் பார்த்தால் டிஸ்டார்ஷனை இயக்கும்போது 49-ல் ஒரு குன்று எழுவதும் அணைக்கும்போது மறைவதும் அப்பட்டமாகத் தெரிகிறது. ஆகவே பாடி ட்ராக்கில் டிஸ்டார்ஷனுக்குப் பிறகு 72 ஹெர்ட்ஸில் ஒரு ஹைபாஸ், 48 டெசிபெல் சரிவு. 72 எப்படி வந்தது என்றால், வரியின் மிக உயர்ந்த நோட்டான பி ஃப்ளாட்டின் அடிநாதம் 58; மிகத் தாழ்ந்த எஃப்-இன் இரண்டாம் ஹார்மோனிக் 87. இரண்டுக்கும் நடுவில் 72. திரும்பி வரும் அடிநாதம் முதலில் இருந்ததைவிடச் சிறியது என்பதால் இந்த வெட்டு அதற்குத் தாராளம். எஃப்-க்கும் வலிக்கவில்லை. இதே காரணத்துக்காக உறுமல் ட்ராக்கிலும் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் 400-ல் இரண்டாவது ஹைபாஸ் ஒன்று உண்டு.

உறுமல்

இந்தப் பட்டையில் மட்டும் கட்டுப்பாடு எதுவும் வைக்கவில்லை. வேண்டிய அளவு விளையாடலாம், கீழே எதுவும் கெடாது என்ற நிம்மதி இருக்கிறது. பட்டைகளாகப் பிரித்ததில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷமும் இதுதான்.

டிஸ்டார்ஷனுக்கு முன்னால் ஒரு நாட்ச் ஃபில்டர் (குறுகிய பட்டையை மட்டும் வெட்டுவது), 500-க்கும் 1800-க்கும் இடையில் நான்கு பாருக்கு ஒரு தடவை மெதுவாகப் போய் வருகிறது. நாட்ச் வெட்டிய பள்ளத்தை டிஸ்டார்ஷன் பாதி நிரப்பிவிடும், ஆனால் நிரப்பிய இடத்தில் வேறு நிறம் இருக்கும். இதை மாற்றி, டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் நாட்ச் போட்டால் வெறும் ஃபேஸர் போல வழுக்கலாகக் கேட்கிறது. எனக்கு முன்னது பிடித்திருக்கிறது. அதற்கப்புறம் இரண்டு பெல் பூஸ்ட் (ஓர் அதிர்வெண்ணைச் சுற்றி மணி வடிவில் ஏற்றுவது), சுமார் 450-லிருந்து 750-க்கும், 850-லிருந்து 1200-க்கும் சேர்ந்து நகர்கின்றன. 'ஓ' என்பதிலிருந்து 'ஆ' என்பதற்கு வாய் திறப்பதுபோல ஒரு பேச்சு வந்துவிடுகிறது. எட்டாவது பாரின் கடைசி பீட்டில் மட்டும் இதை வேகமாகத் திறக்க விட்டேன்.

அகலமும் இங்கேதான். இரண்டு சா அலையை இடம் வலம் என்று பிரித்துப் போட்டு அகலமாக்கும் வழி எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு காதிலும் ஒரே அலை நிற்கும், ரீஸின் நெளிவே போய்விடும், மோனோவில் கேட்டால் வேறு சத்தமாகிவிடும். நெளிவு மோனோவுக்குள்ளேயே நடக்கட்டும். அகலத்துக்கு 400-க்கு மேல் மட்டும் ஒரு கோரஸ் போதும். பாடி முழுக்க மோனோ.

காற்று லேயர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 3000-க்கு மேல் வடிகட்டிய நாய்ஸ், உறுமலின் ஒலியளவைப் பின்தொடர்ந்து ஏறி இறங்குகிறது. ஹைஹாட்டுக்கு இடம் விட்டு அடக்கமாக இருக்கிறது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் இதை விட்டால் எல்லாம் குலையும்: நான்கு லேயருக்கும் ஒரே மிடி ட்ராக் (எந்த நோட் எப்போது என்று சொல்லும் ட்ராக்). பி ஃப்ளாட்டிலிருந்து ஜி-க்குச் சறுக்கும் இடத்தில் கிளைட் நேரம் சப்புக்கும் ரீஸ் பேட்ச்சுக்கும் ஒன்றேயாக, 60 மில்லி செகண்ட் வைத்திருக்கிறேன். சப் முன்னால் போய்ச் சேர்ந்து பாடி பின்னால் வந்தால் அந்தக் கணம் இரண்டு கருவிகள் தனித்தனியே வாசிப்பதுபோல் கேட்டுவிடும்.

கிக்

இந்த ட்ராக்கின் கிக் 95 ஹெர்ட்ஸ் பக்கம்தான் இடிக்கிறது. இந்த வகை இசையில் அது வழக்கம். ஆக, கிக்கோடு மோதுவது சப்பைவிடப் பாடிதான். சைட்செயினையும் (கிக் அடிக்கும்போது பேஸைத் தற்காலிகமாக இறக்குவது) லேயர் வாரியாகப் பிரித்தேன். பாடி 80 மில்லி செகண்ட் முழுசாக ஒதுங்குகிறது. இந்த வேகத்தில் பதினாறில் ஒரு நோட் 86 மில்லி செகண்ட் என்பதால் அடுத்த ஹிட்டுக்குள் திரும்பிவிடும். சப் வெறும் 4 டெசிபெல் இறங்குகிறது, அதுவும் 10 மில்லி செகண்ட் எடுத்துக்கொண்டு மெதுவாக. உறுமல் ஒதுங்கவே இல்லை. ஒரே கம்ப்ரஸரில் மொத்த பேஸையும் இறக்கினால் வரும் அந்த மூச்சு வாங்கல் இதில் இல்லை.

அறை

என் அறை 10-க்கு 12 அடி. 49 ஹெர்ட்ஸின் அலைநீளம் 7 மீட்டர். அறையைப் போல இரண்டு மடங்கு. 10 அடிச் சுவர்களுக்கு இடையே 56 ஹெர்ட்ஸும், 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸும் நின்று ஒலிக்கும். என் வரியின் பி ஃப்ளாட் 58, ஜி 49. இரண்டும் இந்த நிலைகளுக்குப் பக்கத்திலேயே விழுகின்றன. அறையின் நடுவில் உட்கார்ந்தால் இரண்டும் குறைந்து கேட்கும், சுவரோரம் போனால் முழங்கும். நடுவில் உட்கார்ந்து சப்பை ஏற்றிக்கொண்டே போனால் வேறு எந்த ஸ்பீக்கரிலும் அந்த ட்ராக் தாங்காது. அதனால் சப்பின் அளவை ஹெட்போனிலும் மீட்டரிலும் மட்டுமே முடிவு செய்தேன்: சப் உச்சம் மைனஸ் 9 டெசிபெல், பாடி மைனஸ் 14, உறுமல் மைனஸ் 13, காற்று மைனஸ் 26. கேட்கும் ஒலியளவையும் மாற்றாமல் வைக்க வேண்டும். சத்தம் குறையும்போது நம் காது தாழ்ந்த அதிர்வெண்களைத்தான் முதலில் இழக்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள்.

போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் ஒன்றும் வராது. அதில் போட்டுக் கேட்டபோது சப் முழுதாகப் போய்விட்டது, பாடியிலும் மேல்பாதிதான் மிஞ்சியது. ஆனாலும் ஜி, எஃப், பி ஃப்ளாட் மூன்றும் தெளிவாகத் தெரிந்தன. 49 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கும் ஹார்மோனிக்குகள் தங்கள் வேலையைச் செய்கின்றன. அப்புறம் மோனோ பட்டன். அழுத்தினால் கோரஸின் அகலம் மட்டும் போனது, பலம் அப்படியே.

பாடி, உறுமல், காற்று மூன்றும் ஒரு பஸ்ஸில் (பல ட்ராக்குகள் சேரும் பொதுச் சேனலில்) சேர்ந்து 2 டெசிபெல் அளவுக்கு லேசான கம்ப்ரஷன் வாங்குகின்றன. சப் அந்தப் பஸ்ஸுக்குள் போகவே இல்லை, நேராக மாஸ்டருக்குப் போகிறது. உள்ளே விட்டால் கம்ப்ரஸர் சப்பின் ஆற்றலுக்கே ஆடி, உறுமலை ஒவ்வொரு நோட்டிலும் அமுக்கும்.

இந்த நான்கையும் ஒரே ட்ராக் டெம்ப்ளேட்டாகச் சேமித்திருக்கிறேன். அடுத்த ட்ராக் ஈ மைனரில் வருகிறது. வரியில் ஈ, டி, ஜி. மிக உயர்ந்த அடிநாதம் 49, மிகத் தாழ்ந்த நோட்டின் இரண்டாம் ஹார்மோனிக் 73. டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் உள்ள ஹைபாஸை 72-லிருந்து 60-க்கு இறக்கினால் போதும். அடிநாதம் இல்லாத அந்த வேவ்டேபிளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. வரி ஒரு ஆக்டேவைத் தாண்டினால்தான் இந்தக் கணக்கு உடையும். அப்போது கட்ஆஃபை நோட்டுக்கு நோட் ஆட்டோமேட் செய்ய வேண்டியிருக்கும்.